நாலு கம்பி, நாற்பது வருஷம்

பாடகருக்குப் பின்னால் நின்றே ராக் உலகம் முழுவதையும் சுற்றிவந்த பேஸ் கலைஞர் பீனோ பல்லடீனோவின் கதை

2002 ஜூன் 27. லாஸ் வேகஸ் நகரின் ஹார்டு ராக் ஹோட்டல் அறை ஒன்றில் ஜான் என்ட்விசில் இறந்து கிடந்தார். 'தி ஹூ' என்ற ஆங்கிலேய ராக் குழுவின் பேஸ் கிடார் கலைஞர். வயது 57. பலவீனமாயிருந்த இதயத்தைக் கொகெய்ன் நிறுத்திவிட்டது என்றார் பிணப் பரிசோதனை அதிகாரி. மறுநாள் அதே ஊரில்தான் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்குவதாக இருந்தது.

பாடகர் ரோஜர் டால்ட்ரியும் கிடார் கலைஞர் பீட் டவுன்ஷெண்டும் முதல் இரண்டு கச்சேரிகளை மட்டும் நிறுத்தினார்கள். பயணத்தை நிறுத்தவில்லை. ஜூலை 1-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸின் ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கில் மேடை ஏறினார்கள். என்ட்விசில் நிற்க வேண்டிய இடத்தில் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த 44 வயதுக்காரர் ஒருவர் நின்றார். பெயர் பீனோ பல்லடீனோ.

டவுன்ஷெண்டின் தனி ஆல்பங்களில் முன்பே வாசித்தவர் என்பதால் குழுவுக்கு அவர் புது முகம் அல்ல. ஆனால் தி ஹூவின் பாட்டுகளை அவர்களோடு மேடையில் வாசித்தவர் அல்ல. முழுக் கச்சேரிக்கான பாட்டுகளை நாலு நாளுக்குள் காதில் வாங்கி, விரலில் ஏற்றிக்கொண்டு நின்றார். காரியம்கூட முடியவில்லை, அதற்குள் மாற்று ஆளா என்று கொதித்த ரசிகர்கள் உண்டு. கோபம் நியாயம்தான். ஆனால் அந்த வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கேள்வி வேறு. போன் வந்ததும் புறப்பட்டு, இறந்துபோனவரின் இடத்தில் நின்று, அவரை நகலெடுக்காமலும் அவருடைய பாட்டைக் கெடுக்காமலும் வாசித்துவிட்டு வர ஒருவரால் எப்படி முடிகிறது? அந்தப் பிழைப்பு எப்படி அமைகிறது?

அதற்கு முதலில் இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டும்.

பேஸ் கிடாருக்குப் பெரும்பாலும் நாலு கம்பி. தடித்த கம்பியைத் திறந்து மீட்டினால் நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள். மனிதக் காது கேட்கக்கூடிய கீழ் எல்லைக்கு ஏறத்தாழ ஒரு ஸ்தாயி மேல். 1951-இல் லியோ ஃபெண்டர் இந்த வாத்தியத்தைக் கடைக்குக் கொண்டுவந்தபோது, பெரிய டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தும் ட்ரம்ஸ் சத்தத்தில் காணாமல் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அது விடுதலை. ட்ரம்ஸ் தாளத்தைத் தரும், கிடார் சுரத்தைத் தரும், இரண்டும் ஒன்றையொன்று விட்டு ஓடாமல் நடுவே நின்று பிடித்துக்கொள்வது பேஸ். அதனால் பேஸ்காரர் அடக்கி வாசிக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

என்ட்விசில் அந்தச் சட்டத்தை மதித்தவரே அல்ல. மேடையில் சிலை மாதிரி நிற்பார். விரல்கள் மட்டும் ஓடும். டவுன்ஷெண்ட் கையைச் சுழற்றிச் சுழற்றித் தாளமாக வாசிக்க, மெட்டை நடத்திச் செல்வதை என்ட்விசில் பேஸில் செய்தார். 1965-இல் வந்த 'மை ஜெனரேஷன்' பாட்டில் பேஸுக்கென்றே தனி ஆவர்த்தனம் உண்டு. ராக் இசையில் அப்படி ஒன்று அதற்கு முன் அபூர்வம். அதைப் பதிவு செய்வதற்காக மெல்லிய கம்பிகள் கொண்ட டேன்எலெக்ட்ரோ பேஸ் ஒன்றை வாங்கினார். கம்பி அறுந்தது. அந்தக் கம்பி பிரிட்டனில் தனியாக விற்கப்படவில்லை. கம்பிக்காக இன்னொரு பேஸ், அதுவும் அறுந்ததும் மற்றொன்று என்று வாங்கினார் என்பது அவரே சிரித்துக்கொண்டு சொன்ன கதை. கடைசியில் பதிவானது வேறு பேஸில்.

கையும் இப்படித்தான் தாராளம். கிளாஸ்டர்ஷயரில் மாளிகை, நூற்றுக்கணக்கில் கிடார்கள், கார்கள். கார் ஓட்டத் தெரியாதவர் என்பது தனி. கடைசி ஆண்டுகளில் தி ஹூ மறுபடி மறுபடி ஒன்றுகூடிப் பயணம் கிளம்பியதற்கு அவருடைய பண நெருக்கடியும் ஒரு காரணம் என்று கூட இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். இறந்த மறு ஆண்டு, 2003-இல், வாரிசு வரி கட்டுவதற்காக அவருடைய கிடார் சேகரிப்பு லண்டன் சதபீஸில் ஏலம் போனது. குழு தொடங்குவதற்கு முன் இளம் வயதில் அவர் பார்த்த உத்தியோகம் என்ன தெரியுமா? வரி அலுவலகக் குமாஸ்தா.

குழுவின் பங்காளி அவர். பங்காளிக்குப் புகழ் உண்டு, மாளிகை உண்டு. ஆனால் அவர் வாசித்ததை வேறெந்தக் குழுவிலும் வைக்க முடியாது. தி ஹூ ஓய்ந்திருந்த ஆண்டுகளில் சொந்தக் குழு வைத்து நடத்திப் பார்த்தார், பெரிதாகப் போகவில்லை. பல்லடீனோ இதற்கு நேர் எதிர்.

கார்டிஃபிலிருந்து

1957 அக்டோபர் 17-இல் வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் பிறந்தவர் பல்லடீனோ. அப்பா தெற்கு இத்தாலியின் கம்போபாஸோ பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர், அம்மா வேல்ஸ்காரர். 14 வயதில் கிடார், 17 வயதில் பேஸ். மற்ற பையன்கள் கிடார் நாயகர்களைப் பின்தொடர்ந்தபோது இவருக்கு டெட்ராய்டின் மோடவுன் கம்பெனிப் பாட்டுகள் பிடித்துப்போயின. அங்கே பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன்தான் மானசீக குரு. வலதுகை ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே எல்லாவற்றையும் வாசித்தவர் ஜேமர்சன். அந்தக் காலத்து அமெரிக்க வானொலியில் பத்து நிமிஷம் காது கொடுத்திருந்தால் அவர் வாசிப்பைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் உறையில் பெயர் இருக்காது. மோடவுன் ஆல்பம் ஒன்றில் அவருடைய பெயர் முறையாக அச்சானது 1971-இல்தான், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்.

1978-இல் கார்டிஃபில் உள்ளூர்த் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வாத்தியக் குழுவில் பல்லடீனோவுக்கு வேலை கிடைத்தது. இந்த மாதிரி வேலையைப் பற்றி யாரும் கதை எழுதுவதில்லை. ஆனால் தொழில் படிவது இங்கேதான். ஒரு வாரம் நாட்டுப்புறப் பாடகர், மறு வாரம் நகைச்சுவைக்காரர், அதற்கடுத்து யாரோ. வருகிறவரின் சுருதி என்ன, வேகம் என்ன, எங்கே மூச்சு வாங்குவார் என்று ஒரே ஒத்திகையில் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் வேறு ஆள்.

1982-இல் லண்டன். கேரி நியூமனின் 'ஐ, அஸாஸின்' ஆல்பத்தில் வாசித்தார். அதற்குள் அவர் கையில் ஒரு வித்தியாசமான வாத்தியம் வந்திருந்தது. நியூயார்க்கில் வாங்கிய மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸ், ஃப்ரெட் இல்லாதது. வீணையில் மெட்டு உண்டு, கோட்டு வாத்தியத்தில் கிடையாது. அந்த வித்தியாசம்தான் இங்கும். ஃப்ரெட் இருந்தால் விரல் கொஞ்சம் முன்பின் பட்டாலும் சுரம் சரியாக விழும். இல்லாவிட்டால் மயிரிழை தவறினாலும் அபசுரம். கிடைக்கும் லாபம், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகலாம். பேஸைப் பாட வைக்கலாம். 1976-இல் ஜாக்கோ பஸ்டோரியஸ் ஜாஸில் இதைச் செய்து காட்டி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்திருந்தார். ஜனரஞ்சகப் பாட்டில் அதைக் கொண்டுவந்து முன்வாசலில் நிறுத்தியவர்களில் முதன்மையானவர் பல்லடீனோ.

1983 கோடையில் பால் யங் என்ற பாடகரின் 'வேர்எவர் ஐ லே மை ஹேட்' வெளியானது. மார்வின் கே 1962-இல் பாடி, ஒரு இசைத்தட்டின் பின்பக்கத்தில் கிடந்த பாட்டு. யங் அதை மெதுவாக்கிப் பாடினார். பாட்டைத் தொடங்கி வைப்பதோ பாடகர் அல்ல, பேஸ். மேற்கத்திய சாஸ்திரிய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' தொடக்கத்தில் வரும் பஸூன் குழல் மெட்டின் சாயலில் ஒரு சொற்றொடர், ஆக்டேவர் என்ற சிறு பெட்டி வழியே இன்னும் ஒரு ஸ்தாயி கீழேயும் சேர்ந்து ஒலிக்க, குழைந்து இறங்கும். அதன் பிறகு பாடகர் வாய் திறக்கும் இடமெல்லாம் பேஸ் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே வரும். தயாரிப்பாளர் லாரி லேதம் அதை அடக்கச் சொல்லாமல் விட்டது அவருடைய காது. பிரிட்டனில் அந்தப் பாட்டு மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது.

அது முதலிடத்தில் இருந்த வாரங்களில் ஒன்றில்தான், ஆகஸ்ட் 2-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸில் ஜேமர்சன் 47 வயதில் இறந்தார். குடி அவரை முடித்தது. மோடவுன் 1972-இல் கலிஃபோர்னியாவுக்கு மாறிய பிறகு அவரைக் கூப்பிடுவது குறைந்துபோயிருந்தது.

இயந்திரம் செய்ய முடியாதது

1983-இல் இன்னொன்றும் நடந்தது. யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு கடைக்கு வந்தது. அதில் ஒரு பட்டனை அழுத்தினால் பேஸ். ட்ரம் மெஷின் ஏற்கெனவே வந்துவிட்டது. சம்பளம், சாப்பாடு, கோபம் எதுவும் இல்லாத வாத்தியக்காரர்கள். ஸ்டுடியோவில் வாசித்துப் பிழைத்த எத்தனையோ பேஸ்காரர்களுக்கு அந்த ஆண்டுகளில் போன் வருவது குறைந்தது. பல்லடீனோவுக்கு மட்டும் ஏன் நிற்காமல் அடித்தது? ஸ்ட்ராவின்ஸ்கி எல்லாம் அலங்காரம்; காரணம் எளியது என்பது என் எண்ணம். அன்றைய கீபோர்டால் விரலைப் போல வழுக்க முடியாது. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் உள்ள இடம் அதற்கு அவ்வளவு நுணுக்கமாகத் தெரியாது. பல்லடீனோ பிழைப்பு நடத்தியது அந்த இடத்தில்.

1984-இல் டான் ஹென்லியின் 'சன்செட் கிரில்', அதே ஆண்டு பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோருடைய 'அபவுட் ஃபேஸ்', 1989-இல் டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் குழுவின் 'வுமன் இன் செயின்ஸ்', நடுவில் எரிக் கிளாப்டன், ஃபில் காலின்ஸ் என்று வரிசை நீளம். அந்தப் பத்தாண்டில் மெதுவான ஆங்கிலப் பாட்டு ஒன்றில் பேஸ் அழுதுகொண்டே வந்தால், ஒன்று அது பல்லடீனோ, இல்லையென்றால் பல்லடீனோவைப் போல வாசிக்கச் சொல்லப்பட்ட யாரோ ஒருவர்.

இந்த இரண்டாவது ஆள்தான் ஆபத்து. ஒரு சத்தம் எல்லோர் கையிலும் வந்துவிட்டால் அது அந்த ஆண்டின் தேதி முத்திரையாகிவிடும். தொண்ணூறுகள் வந்ததும் எண்பதுகளின் சத்தங்கள் கேலிக்கு உள்ளாயின. தோளில் பட்டை வைத்த கோட்டு எப்படியோ அப்படியே ஃப்ரெட் இல்லாத பேஸும். பழைய முத்திரையையே பிடித்துக்கொண்டு பழைய பாட்டுக் கச்சேரிகளில் சுற்றிவந்து காலம் தள்ளியிருக்கலாம். பல்லடீனோ அதைக் கழற்றி வைத்தார்.

கூலியும் பங்கும்

இங்கே நிறுத்தி, காசைப் பற்றிப் பேசிவிடுவது நல்லது. இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்.

ஸ்டுடியோவில் வாசிக்கக் கூப்பிடப்படும் பேஸ்காரருக்கு ஒரு அமர்வுக்கு இவ்வளவு என்று கூலி. அமெரிக்காவில் வழக்கமாக மூன்று மணி நேரம் ஒரு அமர்வு. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதே கூலி. எழுதியவர் பெயர் என்று பதிவாவது மெட்டும் வரிகளும் போட்டவருடையது. பேஸ்காரர் அந்த இடத்திலேயே உருவாக்கிய வரிசை, பாட்டையே அடையாளம் காட்டும் வரிசையாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு அது பெரும்பாலும் 'வாசிப்பு' மட்டுமே.

ஹெர்பி ஃபிளவர்ஸின் கதையைச் சொன்னால் புரியும். 1972-இல் லூ ரீடின் 'வாக் ஆன் தி வைல்ட் சைடு' பாட்டுக்கு வாசிக்கப் போனார். டபுள் பேஸில் ஒரு வரிசை வாசித்தார். பிறகு அதன் மேலேயே எலெக்ட்ரிக் பேஸில் இன்னொன்று வாசிக்கட்டுமா என்று கேட்டார். இரண்டு வாத்தியம் வாசித்தால் இரட்டைக் கூலி என்பது சங்க விதி, அதற்காகத்தான் கேட்டேன் என்று பின்னாளில் அவரே சொன்னார். அந்த இரண்டு பேஸும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஏறி இறங்குவதுதான் இன்று உலகத்துக்குத் தெரிந்த அந்தப் பாட்டு. அவருக்குக் கிடைத்தது 17 பவுண்டு. 2024-இல் 86 வயதில் இறக்கும் வரை அவர் இதைப் பற்றிப் புலம்பியதில்லை. கூலி பேசினோம், வாசித்தோம், வாங்கினோம் என்பதுதான் அவர் போக்கு.

எல்லோரும் அப்படி அல்ல. லாஸ் ஏஞ்சலிஸில் கேரல் கே என்ற பெண்மணி 1950-களில் கிளப்களில் ஜாஸ் கிடார் வாசித்துக்கொண்டு, பகலில் டைப் அடித்துப் பிள்ளைகளை வளர்த்தவர். 1963-இல் கேபிடல் ஸ்டுடியோவில் ஒரு பதிவுக்கு பேஸ்காரர் வரவில்லை. கேரல் எடுத்து வாசித்தார். அதிலிருந்து பேஸ்தான். பீச் பாய்ஸின் 'கலிஃபோர்னியா கேர்ள்ஸ்', கிளென் கேம்பலின் 'விச்சிட்டா லைன்மேன்' என்று ஆரம்பித்து அவர் வாசித்த பதிவுகள் 10,000 இருக்கும் என்று ஒரு மதிப்பீடு. அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்களைச் சேர்த்து 'ரெக்கிங் க்ரூ' என்று அழைப்பதே அவருக்குப் பிடிக்காது. சக ட்ரம்மர் ஹால் பிளேன் பின்னாளில் வைத்த பெயர் அது, அப்போது யாரும் அப்படிச் சொன்னதில்லை என்பார். 2025-இல், 90 வயதில், ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவருக்கு இடம் அறிவித்தது. வேண்டாம் என்றார். ஸ்டுடியோக் கலைஞர்கள் செய்த வேலையை அந்த விழா பிரதிபலிக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அறுபது வருஷம் தாமதமாக வந்த மாலையைத் திருப்பி அனுப்ப ஒரு கெத்து வேண்டும்.

இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அமெரிக்காவில் சாதாரண வானொலியில் பாட்டு ஒலித்தால், வாசித்தவருக்கு மட்டுமல்ல, பாடியவருக்கே ஒரு காசு கிடையாது. எழுதியவர் தரப்புக்கு மட்டும்தான். இணைய வானொலிக்குச் சட்டம் வகுத்த கணக்கில், நூறு டாலர் வந்தால் ஒலிப்பதிவுக்குச் சொந்தக்காரருக்கு 50, முதன்மைக் கலைஞருக்கு 45, மீதி 5. அந்த ஐந்தைத்தான் பின்னணியில் வாசித்தவர்களும் பின்னணிக் குரல் கொடுத்தவர்களும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆகவே கூலிக்கு வாசிப்பவர் பழைய வேலையின் பலனை உட்கார்ந்து சாப்பிட முடியாது. அடுத்த போன் வர வேண்டும். பல்லடீனோ தன் முத்திரையைக் கழற்றி வைத்ததைக் கலைஞனின் துணிச்சல் என்று பாராட்டலாம். அதில் பிழைப்பவரின் கணக்கும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

தாமதமாக விழும் அடி

1997-இல் பி.பி. கிங்கின் 'டியூசஸ் வைல்ட்' என்ற ஜோடிப் பாடல் ஆல்பத்துக்கு பல்லடீனோ வாசித்தார். ஒரு பாட்டுக்கு ஜோடியாகப் பாட வந்தவர் டி ஏஞ்சலோ. வர்ஜீனியாவிலிருந்து வந்த கறுப்பின இளைஞர், ஒரே ஒரு ஆல்பம் போட்டிருந்தார். மோடவுனை மனப்பாடம் செய்திருந்த வேல்ஸ்காரரின் கை அவருக்குப் பிடித்துவிட்டது. நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கட்டிய இடம்.

அங்கே மூன்று மணி நேர அமர்வு என்ற பேச்சே இல்லை. மாதக்கணக்கில் கூடினார்கள். இரவெல்லாம் பழைய கச்சேரி வீடியோக்களைப் போட்டுப் பார்ப்பார்கள், பிறகு எழுந்து வாசிப்பார்கள். ட்ரம்ஸில் குவெஸ்ட்லவ். அவர்கள் எல்லோரும் அப்போது கிறங்கிக் கிடந்தது டெட்ராய்டின் ஜே டில்லா என்ற இளைஞர் இயந்திரத்தில் செய்துவந்த தாளங்களில். இயந்திரத்தின் ஒழுங்கை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, அடிகளைச் சற்று முன்னும் பின்னுமாக விழ வைத்தவர் டில்லா. அந்தத் தள்ளாட்டத்தை மனிதர்கள் கையால் வாசிக்க வேண்டும். ட்ரம்ஸ் நேராகப் போகும். பேஸ் அதற்குப் பின்னால், விழுந்துவிடுமோ என்று நாம் நினைக்கும் அளவுக்குத் தாமதமாக வரும், ஆனால் விழாது.

ஃப்ரெட் இல்லாத பேஸ் வீட்டில் இருந்தது. கையில் இருந்தது அறுபதுகளின் பழைய ஃபெண்டர் பிரிசிஷன். வழவழப்பான தட்டைச் சுற்றுக் கம்பி, கனமானது. ஜேமர்சன் பயன்படுத்திய வகை. மினுமினுப்பு இல்லை, வழுக்கல் இல்லை, மொத்தையாக 'தொம்' என்று ஒரு சத்தம். 2000 ஜனவரியில் 'வூடூ' வெளியாகி அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. 'வேர்எவர் ஐ லே மை ஹேட்' பாட்டையும் 'வூடூ'வின் 'சிக்கன் க்ரீஸ்' பாட்டையும் அடுத்தடுத்து ஒருவருக்குப் போட்டுக் காட்டினால், இரண்டிலும் வாசித்தது ஒரே ஆள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார். என் கணக்கில் பல்லடீனோவின் சாதனை இந்த இரண்டு பாட்டும் அல்ல, இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான். இன்று இளம் பேஸ்காரர்கள் அவரைத் தேடிப் படிப்பது எண்பதுகளின் குழைவுக்காக அல்ல, அந்தத் தாமதத்துக்காக. டி ஏஞ்சலோ 2014-இல் 'பிளாக் மெசையா' வெளியிட்டபோதும் பேஸ் இவர்தான். 2025 அக்டோபரில் 51 வயதில் டி ஏஞ்சலோ மறைந்தார்.

அடங்கி வாசித்த பதினாலு வருஷம்

இப்படித் தாமதத்தில் ஊறிய கையோடுதான் 2002-இல் தி ஹூ மேடைக்கு அவர் வந்தார். அது முன்னால் பாயும் இசை. தாமதித்தால் டவுன்ஷெண்ட் ஓடிப்போய்விடுவார்.

மேடையில் அவர் ட்ரம்ஸ் பக்கமாக ஒதுங்கி நின்றார். சத்தம் என்ட்விசிலுடையதைவிடக் குறைவு. அதிவேக ஓட்டங்களைத் தேவையான இடத்தில் மட்டும் தொட்டார். 'மை ஜெனரேஷன்' ஆவர்த்தனத்தை விடவில்லை, ஆனால் அதைத் தன் சாமர்த்தியம் காட்டும் இடமாக ஆக்கவுமில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஆண்டுகளின் பதிவுகளைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம் உண்டு. பழைய தி ஹூவில் எந்த நிமிஷமும் ஏதாவது உடையப்போகிறது என்ற பயம் இருக்கும். பல்லடீனோ வந்த பிறகு எதுவும் உடையவில்லை. ஆனால் 1978-இலேயே ட்ரம்மர் கீத் மூனைப் பறிகொடுத்து, இப்போது என்ட்விசிலையும் இழந்து, அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு அன்று உடையாத ஒன்றுதான் தேவைப்பட்டது. அவர் கொடுத்தது அதைத்தான். டவுன்ஷெண்டுக்கும் இதில் ஒரு லாபம். பேஸ் இடம்விட்டதால் அவர் கிடார் பெரிதாயிற்று.

மாற்று ஆளாக வந்தவர் 2016 வரை இருந்தார். 2006-இல் 'எண்ட்லெஸ் வயர்' ஆல்பம், 2010-இல் அமெரிக்காவே தொலைக்காட்சி முன் உட்காரும் சூப்பர் பவுல் இடைவேளை மேடை. 2012-இல் தங்கள் பழைய ஆல்பமான 'குவாட்ரோஃபீனியா' முழுவதையும் வாசித்துக்கொண்டு பயணம் போனார்கள். அதில் '5:15' பாட்டு வரும்போது, என்ட்விசில் 2000-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்த நீண்ட பேஸ் ஆவர்த்தனம் பெரிய திரையில் ஓடும். ட்ரம்மர் ஜாக் ஸ்டார்க்கி அந்தப் படத்தோடு சேர்ந்து வாசிப்பார். அரங்கம் எழுந்து கைதட்டும். பேஸைத் தோளில் மாட்டியபடி பல்லடீனோ அதே மேடையில் நிற்பார். பத்து வருஷமாக அந்த வேலையைச் செய்பவர், இறந்தவருக்குக் கைதட்டல் கிடைத்து முடியும் வரை காத்திருந்து, அடுத்த அடியில் சேர்ந்துகொள்வார். கூலிக்கு வாசிப்பவரின் உத்தியோகத்தில் இதுவும் சேர்த்தி. இதில் அவமானம் இருப்பதாக அவர் நினைத்ததற்கு அடையாளமே இல்லை.

நடுநடுவே வேறு வேலைகள். சைமன் அண்ட் கார்ஃபங்கல் 'ஓல்ட் ஃபிரெண்ட்ஸ்' பயணம். ஜான் மேயரோடும் ட்ரம்மர் ஸ்டீவ் ஜோர்டனோடும் மூவர் குழு. அடேலின் '21' ஆல்பத்தில் சில பாட்டுகள். 2013 கோடை வரை தி ஹூவோடு பயணம், இலையுதிர் காலத்தில் நைன் இன்ச் நெயில்ஸ் என்ற இரும்புச் சத்தக் குழுவோடு மேடை. இந்தப் பட்டியலில் உள்ளவர்களின் ரசிகர்களை ஒரே அறையில் உட்கார வைத்தால் பேசிக்கொள்ள எதுவும் இருக்காது. எல்லோர் வீட்டிலும் இவர் வாசித்த தட்டு இருக்கும், அவ்வளவுதான்.

2017-இல் தி ஹூவின் பேஸ் வேலை ஜான் பட்டனுக்குப் போனது. குழுவிலிருந்து விலகுகிறார் என்ற பரபரப்பு எதுவும் இல்லை. 2019-இல் அவர்களுடைய புதிய ஆல்பம் பதிவானபோது மறுபடி பல்லடீனோவையே கூப்பிட்டார்கள், போய் வாசித்தார்.

தன் பெயர் அட்டையில் வந்த முதல் ஆல்பம் 2021-இல்தான். 'நோட்ஸ் வித் அட்டாச்மெண்ட்ஸ்', கிடார் கலைஞர் பிளேக் மில்ஸோடு சேர்ந்து. வயது 63. அதிலும் பேஸ் முன்னால் வந்து நின்று பேசுவதில்லை. கூட வாசிப்பவர்களை விட்டுப் பேச வைத்துவிட்டு, அடியில் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2025-இல் இருவரும் இரண்டாவது ஆல்பமும் போட்டார்கள். பால் யங் குழுவில் பின்னணி பாடிய மேரிலின் ராபர்ட்ஸைத் திருமணம் செய்துகொண்டவர் பல்லடீனோ. மகள் ஃபாபியானா பாடகி. மகன் ரோக்கோ அப்பா வழியிலேயே பேஸ், லண்டனின் இளம் ஜாஸ் வட்டாரத்தில் இன்று தேடப்படும் கை.

இதைப் படித்துவிட்டுக் கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செல்போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸின் அடிச்சுரங்கள் அதில் வராது, பாடகரும் ஜால்ராச் சத்தமும்தான் மிஞ்சும். நல்ல இயர்போன் போதும். முதலில் பால் யங்கின் அந்தப் பாட்டு, அடுத்து 'சிக்கன் க்ரீஸ்', அதற்குப் பிறகு தி ஹூவின் 'மை ஜெனரேஷன்', 1965-இல் என்ட்விசில் வாசித்தது. முடிந்ததும் இன்னொன்று செய்யுங்கள். பாட்டுச் செயலிகள் பலவற்றில் பாட்டின் பக்கத்தைத் திறந்தால் வாசித்தவர்கள் பெயர் எங்கோ கீழே இருக்கும். உங்களுக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளுக்கு அதைத் திறந்து, பேஸ் வாசித்தது யார் என்று பாருங்கள். பெயர் இல்லாத பாட்டுகள் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.